வாரேன் சார்

வெங்கட்டு வீட்டில் பல்பு எரியாது. ஹோல்டர் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, மாதம் தவறாமல் ஆள் வந்து மீட்டர் பார்த்துவிட்டுப் போகிறான். கூடத்து பல்பு அவன் அம்மா செத்துப்போன வருஷம் ஃப்யூஸ் போனது. அதை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கண் தெரியாது. பொழுது சாய்ந்து அங்கே போகிற நான்தான் ட்ரங்குப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு கத்துவேன்.

“இன்னாபா, மனுஷன் வர்ற வூடா இது?”

“நீ ஒருத்தன்தானே வரே,” என்பான்.

நான் கபாலி. தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வங்கியில் தபால் பிரிவு அட்டெண்டர். வெங்கடரமணன் அதே வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். ரெண்டு பேருக்கும் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரே சந்தில். அவன் மாடி போர்ஷன், நான் நாலு வீடு தள்ளி. காலையில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் 12B பிடிப்போம். கூட்டத்தில் அவன் என் தோளைப் பிடித்துக்கொள்வான். பார்க்கிறவர்கள் எனக்குப் புண்ணியம் என்பார்கள். புண்ணியமாவது ஒன்றாவது, அவனுக்கு சீட் கொடுத்தால் பக்கத்தில் எனக்கும் நிற்க இடம் கிடைக்கும்.

நாள் பூராவும் அவன் பேசிக்கொண்டுதான் இருப்பான். “வணக்கம், சொல்லுங்கோ.” “லைன்ல இருங்கோ.” “என்கேஜ்டா இருக்கு.” இதைத் தாண்டி போனில் அவனிடம் யாரும் பேசியதில்லை. அவனைத் தாண்டி இன்னொருவரிடம் பேசுவதற்காகத்தான் எல்லோரும் அவனிடம் பேசினார்கள். அதுவும் புது எக்ஸ்சேஞ்ச் வந்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நம்பர் கொடுத்த பிறகு மணி அடிப்பதே குறைந்துவிட்டது. பம்பாயில் ஒரு அக்கா. தீபாவளிக்கு போன் வரும்.

கண் தெரியாதவன் காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் சினிமாவில். வங்கியில் அவன் அறையில் கார்ப்பெட் போட்டிருந்தார்கள், ஏ.சி. வேறு உறுமிக்கொண்டிருக்கும். கேஷியர் சூடாமணி அம்மா வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, “வரேன் சார்” என்று கிளம்பிப் போவார். ஏ.சி. உறுமலில் குரல் பிடிபடாமல், இவன் வேறு யாரோ உள்ளே வருவதாக நினைத்து, “வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ” என்பான். எதிரே காலி நாற்காலி. அந்த நாற்காலியிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பான். தபால் கொடுக்கப் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

இப்படி இருந்தவன் வாழ்க்கையில் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. அடையாறு காந்தி நகரில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மாடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அவர்கள் அமெரிக்காவில் யாருக்கோ ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தார்கள். இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டுகிற ப்ரௌசர் இருக்கிறதல்லவா, அதோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற புரோகிராம். ஒரு பக்கத்தைத் திறந்தால், கண் தெரியாதவர்களுக்கு அந்தப் பக்கம் உதவுமா உதவாதா என்று அது சோதித்துச் சொல்லும். பக்கத்தில் ஒரு படம் இருந்தால் அது என்ன படம் என்று பின்னால் ஒரு வார்த்தை எழுதி வைக்க வேண்டுமாம். பேசும் கம்ப்யூட்டர் அந்த வார்த்தையைத்தான் படிக்கும். எழுதாமல் விட்டால் ‘படம், படம், படம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். எங்கெங்கே எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பிடித்துக் கொடுப்பதுதான் இந்தப் புரோகிராமின் வேலை. அதனால் வெங்கட்டு அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தான்.

இவனை எப்படிப் பிடித்தார்கள் என்றால், உஸ்மான் ரோட்டில் சுயம்புலிங்கம் என்று ஒருவர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். சாத்தான்குளம் பக்கத்து மனிதர், எங்கள் வங்கியில்தான் கணக்கு. தினமும் போன் போடுகிறவருக்கு ஆபரேட்டருக்குக் கண் தெரியாது என்பதும், பேசும் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு வங்கி அவனை அனுப்பியிருந்தது என்பதும் தெரியும். அவர் மகள் ஷண்முகப்ரியா அந்தக் காந்தி நகர் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். இன்ஸ்பெக்டரை எழுதியவளே அவள்தான். கண் தெரியாத ஒருவர் சோதித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதற்கு அப்பா, ‘நம்ம பேங்க் சார் இருக்காரே’ என்றிருக்கிறார்.

கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் வந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வெங்கட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். இருட்டில் ஒருவன் என்னைப் போலவே ட்ரங்குப் பெட்டியில் இடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் ஒரு டிஸ்க்கில் வரும். வெங்கட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்ப்பான். அப்புறம் ஷண்முகப்ரியா போன் செய்வாள். இவன் குறைகளைச் சொல்ல, அவள் குறித்துக்கொள்வாள். அவள் ஒருநாளும் நேரில் வந்ததில்லை.

புரோகிராமில் உள்ள குறைக்கு அவர்கள் ‘பக்’ என்று சொல்வார்களாம். பக் என்றால் பூச்சிதானே? நான் பூச்சி என்றே சொல்லுவேன். இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வதற்கும் ஏதோ நீளமான இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. வெங்கட்டு அதை ஆசை என்று மொழிபெயர்த்தான். நான் போனதும் கேட்பேன்.

“இன்னிக்கு எத்தினி பூச்சி புடிச்சே? எத்தினி ஆசை?”

“பூச்சி நிறைய இருக்கு கபாலி. ஆசைதான் கம்மி,” என்பான் சந்தோஷமாக.

நாளெல்லாம் ஹெட்போன் அழுத்துகிற காது என்பதால் வீட்டில் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவான். அவள் பேசுவது எனக்கும் கேட்கும். கணீரென்ற குரல். மெட்ராஸிலேயே படித்தவள்தான், ஆனாலும் வாயை விட்டுத் திருநெல்வேலி போகவில்லை.

ஒருநாள் பெரிய வாக்குவாதம். பக்கத்தின் ஓரத்தில் அழகுக்குப் பூ, கோடு என்று படம் வைப்பார்களாம். அதற்குப் பெயர் தேவையில்லை என்று, பெயருக்கான இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுவார்களாம். இன்ஸ்பெக்டர் அதையும் பிழை என்று பிடித்துக்கொண்டு வந்தது.

“பேர் இல்லன்னா பிழைதானே சார்?” என்றாள் அவள்.

“இல்லம்மா. பேர் வைக்க மறந்தது வேற, தெரிஞ்சே சொல்லாம விட்டது வேற. இங்க என் சிநேகிதன் கபாலின்னு ஒருத்தன் உக்காந்துண்டிருக்கான். அவன் ஆம்படையா முத்தம்மா அவன் பேரைச் சொல்லவே மாட்டா. ரேஷன் கடையில கேட்டா, கோயில் சாமி பேருன்னு கோபுரத்தைக் கை காட்டுவா. சாமி கும்பிடறச்சேகூட கபாலீன்னு கூப்பிட மாட்டா, ஈஸ்வரான்னுதான். பேர் தெரியாமலா? மரியாதை. நீ போய் அவளைப் பிழைன்னு எழுதினா எப்படி?”

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் ரிசீவர் அதிர்ந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த டிஸ்க்கில் இன்ஸ்பெக்டர் மறதியை மட்டும் பிடித்தது, மரியாதையை விட்டுவிட்டது. அந்தப் பூச்சிக்கு அவள் ‘முத்தம்மா’ என்றே பெயர் வைத்திருந்தாள். இதை வீட்டில் சொன்னேன். நம்ம பேரு கம்ப்யூட்டர்ல கீது என்று முத்தம்மா ரெண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெங்கட்டு மாறிப்போனான். சாயங்காலம் பஸ்ஸில் அவசரப்படுவான். வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். இன்டர்நெட் ஓடினால் டெலிபோன் லைன் அடைத்துக்கொள்ளும் என்பதால், அவள் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான். எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேவிட்டேன்.

“இன்னா வெங்கட்டு, லவ்வா?”

அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. “அசடு மாதிரி பேசாதே. என்கிட்ட பேசறதுக்கு ஒருத்தருக்குக் காரணம் இருக்கு. என்கிட்டயே. வேற யாருக்கும் கனெக்ஷன் குடுக்கறதுக்காக இல்ல. உனக்கு அது புரியாது.”

புரிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அவனுடைய முதல் ஆசை என்ன தெரியுமா? இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைச் சோதித்து முடித்ததும் பேசாமல் நின்றுவிடும். முடிந்துவிட்டதா, இன்னும் வேலை செய்கிறதா, செத்துப்போய்விட்டதா என்று கண் இருப்பவனுக்குத் திரையைப் பார்த்தால் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லணும்மா. போறவா சொல்லிட்டுப் போகணும். அதுதான் வேண்டியது,” என்றான் போனில்.

அமெரிக்காக்காரனுக்கு இங்கிலீஷில் சொல்கிற மாதிரி எழுதினாள். ஆனால் வெங்கட்டுவுக்கு அனுப்புகிற டிஸ்க்கில் மட்டும் ஒரு வேலை செய்தாள். தன் குரலையே பதிவு செய்து வைத்துவிட்டாள். பக்கம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் பேசியது.

“முடிஞ்சது. வாரேன் சார்.”

அன்றைக்கு அவன் எத்தனை பக்கங்களைத் திறந்து திறந்து மூடினான் என்று சொல்ல முடியாது. திரையை அவன் அணைத்தே வைத்திருப்பான், அந்த இருட்டில் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ‘ஹா’ என்று ஒரு சின்னச் சிரிப்பு.

மறுநாள் போனில் அதையே பூச்சி என்று புகார் கொடுத்தான். மனுஷனை என்ன சொல்ல!

“வாரேன்னா என்னம்மா அர்த்தம்? வர்றியா, போறியா? பேங்க்ல தினம் இதே ரோதனை. வரேன்னு சொல்லிட்டுப் போயிடறா. நான் வாங்கோன்னு சொல்லிட்டு உக்காந்துண்டிருக்கேன். நீ போறேன்னே சொல்லு.”

“ஐயோ, போறேன்னு சொல்லக் கூடாது சார். எங்க அம்மா கேட்டா வைவாங்க.”

“மெஷின்தானே சொல்றது?”

“என் குரல்லா சார்? நான் சொல்ல மாட்டேன். இது பூச்சி இல்ல, இது இப்படித்தான்.”

அந்தப் பூச்சி மட்டும் தீராமல், அவர்கள் பாஷையில் மூடப்படாமல், நின்றது. வாரத்துக்கு ஒருமுறை இவன் அதைக் கிளறுவான், அவள் மறுப்பாள். ரெண்டு பேருக்கும் அது விளையாட்டாகிவிட்டது.

மற்ற பூச்சிகள் தீர்ந்துகொண்டே வந்தன. இவன் நன்றாகச் சொன்னான், அவள் நன்றாகச் சரிசெய்தாள், அதுதான் வினை. மழைக்காலம் தொடங்கியபோது பிடிக்க எதுவும் இல்லை. போன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, அப்புறம் எப்போதாவது என்றானது. ஒரு சாயங்காலம் நான் போனபோது அவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“படம் நிறைய இருந்தா இன்ஸ்பெக்டர் அப்படியே நின்னுடறதும்மா. ரெண்டு தடவை நின்னுடுத்து.”

அவன் போனை வைத்ததும் கேட்டேன். “நேத்து நான் இருக்கச்சொல்ல நல்லாத்தானே ஓடிச்சு?”

அவன் டெலிபோன் ஒயரை விரலில் சுற்றினான்.

“பொய் பூச்சியா?”

“அவ தேடிப் பார்ப்பா. தேடினா கேள்வி கேக்கணும், கேக்கணும்னா கூப்பிடணும்,” என்றான். சொல்லும்போதே தலை குனிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் மேலா, அவனை இப்படிப் பொய் சொல்லவைத்த உலகத்தின் மேலா என்று தெரியவில்லை. அந்தப் பெண் ராவும் பகலும் உட்கார்ந்து இல்லாத பூச்சியைத் தேடுவாளே, உனக்கு அறிவு இருக்கா என்று கத்தினேன். அவன் காதைத் திருப்பிக்கொண்டான்.

அவள் ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். திட்டவில்லை. “தேடிப் பாத்துட்டேன் சார், கிடைக்கல” என்றாள். பிறகு, “பூச்சி இல்லாட்டாலும் போன் செய்யலாம் சார். நான் செய்வேன்” என்றாள்.

நல்ல பெண்தான், மனதாரத்தான் சொன்னாள். ஆனால் பூச்சி இல்லாமல் அவள் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஆயிரம் இருக்கும். அந்த டிசம்பரில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளெல்லாம், ரெண்டாயிரம் பிறந்தால் மெஷின் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்காவுக்கு ஏரோப்ளேன் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெங்கட்டு ஒவ்வொரு சாயங்காலமும் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அங்கே போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

அப்படி ஒருநாள் நான் இருக்கும்போதே மணி அடித்தது. அவள்தான். பின்னால் ஒரே இரைச்சல், பத்துப் பேர் பேசுகிற சத்தம், லைனும் சரியில்லை.

“சார், இன்ஸ்பெக்டர் வேலை முடிஞ்சுது. கடைசி டிஸ்க் உங்களுக்கு வந்துரும். ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களே?”

“டிஸ்க் விஷயமா? சரிம்மா, சரி.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புதேன் சார். அப்ப நான் வாரேன்.”

லைன் அறுந்துவிட்டது.

வெங்கட்டு ரிசீவரை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். “கேட்டியா கபாலி? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பி வராளாம்.”

எனக்கும் அப்படித்தான் கேட்டது. உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

“கபாலி,” என்றான் உடனே, “நம்மாத்துல பல்பு இல்லையே.”

சனிக்கிழமை நான் லஸ் கார்னரில் அறுபது வாட்ஸ் பல்பு வாங்கிவந்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் எனக்கே திக்கென்றது. எத்தனை வருஷமாக வந்துபோகிற வீடு, அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன். சுவரில் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய காலண்டர் தொங்கியது. மூலையெல்லாம் ஒட்டடை. முத்தம்மாவைக் கூப்பிட்டேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெருக்கித் துடைத்தாள். அவன் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் கம்ப்யூட்டருக்கு. ஆகவே எங்கள் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை வடக்கு மாட வீதியில் ரவா லட்டும் தேன்குழலும் வாங்கினோம். அவனே டிகாக்ஷன் இறக்கினான். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை.

“லைட் எரியறதா?” என்று கேட்டான்.

“எரியுதுபா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். கையை உயர்த்தி பல்புக்குக் கீழே வைத்துச் சூட்டைப் பார்த்தான்.

சந்துக்குள் ஒரு ஆட்டோ நுழைந்தது. அவன் எழுந்து நின்றான். ஆட்டோ எதிர்வீட்டில் நின்றது. உட்கார்ந்தான். அடுத்த ஆட்டோ வந்தபோது எழுந்திருக்கவில்லை, சட்டையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டான். கோயிலில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தது. முத்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் கையால் ‘என்ன?’ என்று கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். பாலில் ஆடை படிந்துவிட்டது. அவன் அதைத் தொட்டுப் பார்த்து எடுத்துப்போட்டான்.

“அட்ரஸ் தெரியாம அலையுதோ இன்னாவோ,” என்றேன். “போன் போட்டுக் கேளேன்.”

“ஆத்து நம்பர் தெரியாதே.”

“அவங்க அப்பா கடை?”

ஆபரேட்டரிடம் போய் இதைக் கேட்டேன் பாருங்கள். வங்கியின் கணக்குக்காரர்கள் எல்லோருடைய நம்பரும் அவன் விரலிலேயே இருக்கும். தி.நகரில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரமே, கடை திறந்திருக்கும். சுழற்றினான். எடுத்தது கடைச் சிப்பந்தி வெள்ளைச்சாமி. அவனும் வங்கிக்கு வருகிறவன்தான், கத்திப் பேசுவான். ரிசீவர் தள்ளியிருந்ததால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“முதலாளி இல்லீங்க சார்! ஏர்போர்ட்டுக்குப் போயிருக்காங்க. பாப்பா இன்னிக்கு அமெரிக்காவுக்குக் கிளம்புதாங்கல்லா! கம்பெனில அனுப்புதாங்க. அங்கனயே வேலையாம். இப்பத்தான் வேன்ல எல்லாரும் போறாங்க.”

“அப்படியா. சந்தோஷம்,” என்றான் வெங்கட்டு. “இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான் பண்ணினேன்.”

ரிசீவரைத் தடவி அதன் இடத்தில் வைத்தான். ஆபீசில் சொல்லியிருப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள்தான் போனில் பேசுகிறாளே, அவளே சொல்லியிருப்பாள் என்று ஆபீசில் நினைத்திருப்பார்கள். இவனிடம் யாரும் சொல்லவில்லை.

“கபாலி,” என்றான். “அவ ‘வாரேன்’னு சொல்லல. ‘வாரேன்’னு சொல்லியிருக்கா.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ரவா லட்டு நல்லாகீது, ஒண்ணு துன்னு” என்றேன். அவன் ஒன்று எடுத்துக்கொண்டான். நானும் எடுத்துக்கொண்டேன். ரெண்டு பேரும் அறுபது வாட்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து தின்றோம். கிளம்பும்போது விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேன்.

“எரியட்டும். எனக்கு என்ன இடைஞ்சல்?”

செவ்வாய்க்கிழமை வங்கிக்கு கூரியரில் டிஸ்க் வந்தது. தபால் பிரிவு என்பதால் என் கையில்தான் கிடைத்தது. உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை. கடிதம் எழுதினால் அவனால் படிக்க முடியாது என்று விட்டிருப்பாள். சாயங்காலம் அவன் வீட்டில் போய் உட்கார்ந்தோம். பல்பு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரிந்தபடியே இருந்தது. எங்கள் வீட்டு நாற்காலியும் போட்டது போட்டபடி எதிரே இருந்தது.

அவன் டிஸ்க்கைப் போட்டு, ஒரு பூக்கடைப் பக்கத்தைத் திறந்தான். மெஷின் குரல் இங்கிலீஷில் என்னவோ சொல்லிக்கொண்டே போனது. பிழை எதுவுமில்லை என்கிறது என்று வெங்கட்டு சொன்னான். அப்புறம் அவள் குரல் வந்தது. கணீரென்று இல்லை. பக்கத்தில் அம்மா இருக்கிறாளா என்று பார்த்துப் பேசுகிறவள் மாதிரி, தயங்கித் தயங்கி வந்தது.

“முடிஞ்சது. போறேன் சார்.”

வெங்கட்டு அசையவில்லை.

மூடாமல் நின்ற ஒரே ஒரு பூச்சி. போகும்போது அதையும் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். சொல்லவே மாட்டேன் என்றவள், அம்மா வைவாள் என்றவள், ஏரோப்ளேன் ஏறுகிற சமயத்தில் இவன் கேட்டான் என்பதற்காகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

“நீ கேட்டதத்தானேபா பண்ணிகீது,” என்றேன்.

“ஆமாம். நான்தான் கேட்டேன். சரியாப் பண்ணியிருக்கா.”

பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்தான். பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பழைய டிஸ்க்குகளைத் தடவித் தடவி ஒன்றை எடுத்தான். அதன் ஓரத்தில் அடையாளத்துக்கு நூல் சுற்றியிருந்தது.

“இன்னாத்துக்கு பழசு? அதுல பூச்சி கீதே?”

“இருக்கட்டும்,” என்றான்.

நூலைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கைப் போட்டு, அதே பூக்கடையைத் திறந்தான். மெஷின் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது. அப்புறம் அந்தப் பழைய குரல், கணீரென்று வந்தது.

“முடிஞ்சது. வாரேன் சார்.”

எதிரே இருந்த காலி நாற்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பினான் வெங்கட்டு.

“வாம்மா,” என்றான். “உக்காரு.”